மீன்தொட்டியும் சரளைப் பாத்தியும்

மீன் வளரும் நீரைக் கொண்டே வீட்டில் காய்கறி பயிரிடும் முறையில், சரளைப் பாத்தி வெறும் செடித்தாங்கியன்று. நீரைத் தூய்மை செய்யும் நுண்ணுயிர்களின் உறைவிடமும் அதுவே. மீன்கள் கழிக்கும் அம்மோனியா அவற்றுக்கே நஞ்சாகும். சரளையின்மீது படியும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இதுவும் மீனுக்குத் தீங்கானதே. மற்றொரு வகையின அதனை நைட்ரேட்டாக்குகின்றன. அது செடிக்கு உணவு.

200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயை நெடுக்காக இரண்டாய் அறுத்தால், ஏறக்குறைய 30 செ.மீ. ஆழமுள்ள இரு பாத்திகள் கிடைக்கும். பூச்சிமருந்தோ ரசாயனமோ அடைத்திருந்த பீப்பாய் ஆகாது. சரளையும் நீரும் நிரம்பிய பாதிப் பீப்பாய் சுமார் 200 கிலோகிராம் எடையாகும்; மெல்லிய மரச்சட்டங்களை நம்பி அதனை மீன்தொட்டியின் மேல் ஏற்றுவது அபாயம். உருளாதவாறு செங்கல் தூண்களின்மீது அமர்த்துவதே தக்கது.

சரளை இடுமுன் சில கற்களின்மீது காடியை ஊற்றிப் பார்க்கவேண்டும். குமிழியிட்டு நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. அத்தகைய கல் நீரின் காரத்தன்மையை உயர்த்தி, செடிகளுக்கு இரும்புச்சத்து எட்டாமற் செய்துவிடும். (வகுப்பில் செய்துகாட்ட இதனினும் எளிய சோதனை அரிது.) மேல் 5 செ.மீ. சரளை உலர்ந்திருக்குமாறு நீர்மட்டத்தை அமைத்தால் பாசி படராது.

புதிய பாத்தியில் மீன்கள் மடிவதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக 3 முதல் 6 வாரங்கள் ஆகும். குளிர்காலத்தில் இன்னும் கூடும். அதுகாறும் மீனின்றியே, சோப்பு கலவாத அம்மோனியாவைச் சிறிதளவு சேர்த்து, பம்பை ஓட்டி வரவேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மறைந்து நைட்ரேட் தோன்றியதைச் சோதித்தறிந்த பின்னரே கெண்டைக் குஞ்சுகளை விடலாம்; அதுவும் முதலில் சிலவே.