சுங்கத் துறைத் தலைமையும் அதன் பொறுப்பும்

சமூக அறிவியல் வகுப்பில் 'அரசாங்கமும் வரிகளும்' என்னும் பாடத்தை நாங்கள் படித்துக்கொண்டிருந்த நாள் அது. நேர்முக வரி, மறைமுக வரி என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்த எங்கள் ஆசிரியை அருட்சகோதரி அவர்கள், சுங்க வரி என்ற சொல்லுக்கு வந்ததும் சற்று நிறுத்தினார்கள். "துறைமுகத்தில் வரி வாங்க ஒரு குமாஸ்தா போதாதா? அதற்கு டெல்லி வரை ஒரு பெரிய தலைமை எதற்கு? யோசித்துக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். நாங்கள் ஆளுக்கொரு விடை கூறினோம். வழக்கமாக முதலில் கை தூக்கும் தோழி ஒருத்தி மட்டும் அன்று வாய் திறக்கவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன், அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்தவற்றைத் தோழியருடனும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பழமையான பதவி

சுங்கம் நமக்குப் புதிதன்று. பழந்தமிழர் அதனை 'உல்கு' என்றனர். காவிரிப்பூம்பட்டினத்தில் கடலிலிருந்து இறங்கிய பண்டங்களுக்கும் கடலுக்குச் செல்லும் பண்டங்களுக்கும் சோழனின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அரசனுக்குரிய செல்வங்களுள் ஒன்றாக உல்கு பொருளைத் திருவள்ளுவர் எண்ணியுள்ளார். முதலாம் குலோத்துங்க சோழனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் நிலைத்தது. ஒரு வரியை நீக்கியதற்காகவே மன்னனுக்குப் பெயர் சூட்டினார்கள் என்றால், அந்த வரி மக்களை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

விவிலியத்திலும் சுங்கச்சாவடியைக் காண்கிறோம். ஆண்டவர் அழைத்தபோது புனித மத்தேயு அமர்ந்திருந்த இடம் அதுவே. எரிகோ நகரின் சக்கேயுவோ வரி தண்டுவோருக்கெல்லாம் தலைவர். மனம் மாறிய அவர் வருந்துவதோடு நின்றுவிடவில்லை. எவரையேனும் ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தார். தலைவர் ஒருவர் திருந்தினால் அவருக்குக் கீழே எத்தனை சாவடிகளில் ஏழைகளின் சுமை குறைந்திருக்கும்! இந்த நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருந்தும், அதில் ஒரு பதவியின் பொறுப்பும் அடங்கியிருப்பதை இப்பொழுதுதான் உணர்ந்தோம்.

இன்றைய அமைப்பு

இந்தியாவில் சுங்கத் துறையின் உச்சியில் இருப்பது மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம். இது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையைச் சேர்ந்தது. முன்பு ஒரே வருவாய் வாரியமாக இருந்ததை 1964-ல் இரண்டாகப் பிரித்தனர். நேர்முக வரிகளுக்கு ஒரு வாரியமும், கலால் மற்றும் சுங்க வரிகளுக்கு ஒரு வாரியமும் ஏற்பட்டன. சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின்னர், 2018-ல் இரண்டாவது வாரியம் இன்றைய பெயரைப் பெற்றது. அதற்குத் தலைவர் ஒருவரும் உறுப்பினர்களும் உள்ளனர். அவர்களுக்குக் கீழே மண்டலந்தோறும் தலைமை ஆணையர், அவருக்குக் கீழ் ஆணையர், பின்னர்க் கூடுதல், இணை, துணை, உதவி ஆணையர்கள் என்று படிப்படியாகப் பொறுப்புகள் இறங்கி வருகின்றன. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும் அலுவலர் வரை இந்தச் சங்கிலி அறுபடாமல் நீள்கிறது.

இப்பதவிகளுக்கு ஆண்களே வருவார்கள் என்று எங்களுள் சிலர் நினைத்திருந்தோம். 2017-ல் வனஜா சர்னா அம்மையார் இந்த வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார் என்று படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. குடிமைப் பணித் தேர்வு எழுதி இந்திய வருவாய்ப் பணியில் சேர்பவர்கள் ஆந்திரப் பிரதேசத்தின் பாலசமுத்திரத்தில் 2024-ல் திறக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் பயில்கிறார்கள். நம் பள்ளியிலிருந்தும் ஒருத்தி அங்குச் செல்லக் கூடாதா?

தலைவரின் கடமைகள்

வரி விகிதத்தைச் சுங்கத் துறைத் தலைவர் தம் விருப்பம்போல் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் அரசின் அறிவிக்கையுமே அதனை முடிவு செய்கின்றன. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும் 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டமும் இவற்றுள் முதன்மையானவை. எழுதிய சட்டம் எல்லாத் துறைமுகங்களிலும், எல்லா விமான நிலையங்களிலும், எல்லா மனிதர்களுக்கும் ஒன்றாகவே நடைபெறுகிறதா என்று பார்ப்பதே தலைவரின் வேலை.

முதற்கண், பொருள் இன்னது என்று அறிய வேண்டும். உலக நாடுகள் பெரும்பாலானவை இதற்கு ஒரே எண் முறையைக் கையாளுகின்றன. பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ள உலக சுங்க அமைப்பு வகுத்த இம்முறை 1988 முதல் நடைமுறையில் உள்ளது. முந்திரி 8-ஆம் அத்தியாயத்திலும் உப்பு 25-ஆம் அத்தியாயத்திலும் வரும். முதல் ஆறு இலக்கங்கள் உலகுக்குப் பொது. இந்தியா மேலும் இரண்டைச் சேர்த்து எட்டு இலக்கங்களாகப் பயன்படுத்துகிறது. அடுத்து, பொருளின் மதிப்பு. வாங்கியவர் உண்மையாகக் கொடுத்த விலையையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது உலக வணிக அமைப்பின் நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. ஐயம் எழுந்தால் அலுவலர் சான்று கேட்கலாம். ஆனால் ஐயமே தீர்ப்பாகிவிடாது.

இரண்டாவதாக, வரக்கூடாதவற்றையும் போகக்கூடாதவற்றையும் தடுக்க வேண்டும். செம்மரக் கட்டைகள் கடத்தப்படும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். 2001 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற கடல் அட்டைகளும், 2019-ல் பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலுக்கு மாற்றப்பட்ட நட்சத்திர ஆமைகளும் பெட்டிகளில் ஒளித்துக் கடத்தப்படுகின்றன. வாயில்லா உயிர்களுக்காகப் பேசவும் சுங்கச் சாவடியில் ஒருவர் இருக்க வேண்டும் அன்றோ?

மூன்றாவது கடமை நீதி. பொருளைப் பறிமுதல் செய்வதற்கு முன் காரணத்தைத் தெரிவித்து, உரியவர் தம் பக்கத்தைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கீழ்நிலை அலுவலரின் ஆணை தவறென்று கருதுபவர் 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம். அதற்கும் மேலே தீர்ப்பாயமும், உயர் நீதிமன்றமும், உச்ச நீதிமன்றமும் உண்டு.

தோழி சொன்ன விடை

இனி, அன்று மௌனமாக இருந்த எங்கள் தோழியைப் பற்றிக் கூறுவோம். அவளும் அவள் தந்தையும் இசைவு தந்த பின்னரே இதை எழுதுகிறோம்.

அவள் தந்தை கடலை மிட்டாய் செய்யும் சிறு ஆலை நடத்துபவர். கடன் வாங்கி, வெளிநாட்டிலிருந்து பழைய பொட்டலம் கட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். அது ஒரு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. காட்டிய விலை குறைவாக இருக்கிறதே என்று அலுவலர் ஐயம் எழுப்பினார். அது அவருடைய கடமை. தந்தையும் ரசீதையும் பொறியாளர் சான்றையும் கொடுத்தார். ஆனால் விடை வரவில்லை. பெட்டி நின்ற இடத்துக்கு நாள்தோறும் வாடகை ஏறிற்று. அப்போது இடைத்தரகர் ஒருவர் வந்து, "கொஞ்சம் கவனித்தால் இரண்டே நாளில் வேலை முடியும்" என்றாராம். "என் ரசீது உண்மையானது. உண்மைக்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்?" என்று அவர் மறுத்துவிட்டார்.

அந்த நாட்களில்தான் எங்கள் வகுப்புச் சுற்றுலா நடந்தது. தோழி வரவில்லை. காய்ச்சல் என்றாள். நாங்களும் நம்பி, அவளைக் கேலிகூடச் செய்தோம். அவள் தாயாரின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்ததை நாங்கள் அறியவில்லை.

இறுதியில், விவரம் அறிந்த ஒருவரின் யோசனைப்படி, தந்தை மேலதிகாரிக்கு நேராக ஒரு மனு எழுதினார். அவர் அழைத்து விசாரித்தார். சலுகை எதுவும் காட்டவில்லை. சட்டத்தில் உள்ள ஒரு வழியை எடுத்துக் காட்டினார். விலை பற்றிய கேள்வி முடியாத நிலையில், பத்திரமும் வங்கி உத்தரவாதமும் பெற்றுக்கொண்டு, தற்காலிகமாக வரியை மதிப்பிட்டுப் பொருளை விடுவிக்கலாம் என்பதே அவ்வழி. இருபத்து மூன்றாம் நாள் இயந்திரம் வெளியே வந்தது. சில மாதங்களுக்குப் பின், காட்டிய விலை சரியானதே என்று ஆணையும் வந்தது. ஆனால் கட்டிய வாடகை திரும்பி வரவில்லை.

"குமாஸ்தா போதும்தான் சிஸ்டர். ஆனால் குமாஸ்தா பதில் சொல்லாதபோது யாரிடம் போவது? அதற்குத்தான் மேலே ஒருவர் வேண்டும்" என்று மறு வாரம் அவள் வகுப்பில் எழுந்து கூறினாள். அருட்சகோதரி அவர்கள் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதைவிடச் சரியான விடை புத்தகத்தில் இல்லை" என்றார்கள்.

கடிதம் எழுதினால் போதுமா?

தாமதம் பணத்தை மட்டும் அழிப்பதில்லை, உயிரையும் அழிக்கும். லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் பல ஆண்டுகள் கிடந்தது. அதை அகற்ற வழி கேட்டுச் சுங்கத் துறையிலிருந்து நீதிமன்றத்துக்குப் பலமுறை கடிதம் சென்றது. ஆனால் பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது. 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் அது வெடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்தச் செய்தி வந்தவுடன் சென்னை மக்களும் திடுக்கிட்டனர். 2015-ல் சுங்கத் துறை கைப்பற்றிய சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட், சென்னையை அடுத்த மணலியில் 37 பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தது. அதே மாதத்தில் அது ஏலத்தில் விற்கப்பட்டு, பெட்டி பெட்டியாக ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. பொருளைக் கைப்பற்றுவதோடு கடமை முடிவதில்லை என்பதையும், கடிதம் அனுப்பியவர் அது பயன் தரும் வரை தொடர வேண்டும் என்பதையும் இவ்விரு ஊர்களும் நமக்குக் கற்பிக்கின்றன.

நம் நாட்டில் சில சீர்திருத்தங்களும் நடந்துள்ளன. 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் முகமறியா மதிப்பீட்டு முறை தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் பரவியது. ஒரு துறைமுகத்தின் பத்திரங்களை வேறோர் ஊரில் உள்ள அலுவலர் கணினியில் ஆராய்வதால், இன்னார் பொருள் இன்னாரிடம் போகும் என்று முன்கூட்டி அறிய முடியாது. கையூட்டுக்கு வழி குறையும். ஆயினும் முகம் அறியாத முறையில், பெட்டிக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருப்பதும் மறந்துபோகக் கூடாது. அதனை நினைவில் வைத்திருப்பது கணினியின் வேலையன்று, தலைமையின் வேலை.

முடிவுரை

வாயிற்காவலர் எல்லோரையும் உள்ளே விட்டால் வீட்டுக்குக் கேடு. எல்லோரையும் தடுத்தால் வீட்டாரே பட்டினி கிடப்பார்கள். தடுக்க வேண்டியதை அஞ்சாமல் தடுக்கவும், விட வேண்டியதைத் தாமதிக்காமல் விடவும் அறிந்தவரே நல்ல காவலர். சுங்கத் துறைத் தலைமைக்கும் இதுவே இலக்கணம்.

எங்கள் தோழியின் ஆலையில் இப்போது அந்த இயந்திரம் ஓடுகிறது. பள்ளி ஆண்டு விழாவன்று அவள் எங்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தாள். காய்ச்சல் என்று அவள் சொன்ன நாளில் அவளைக் கேலி செய்ததற்கு நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். நாளை நம்முள் எவரேனும் ஒரு மேசையின் பின்னால் அமர்ந்து பிறருடைய தாள்களைப் பார்க்கும் நிலைக்கு உயர்ந்தால், அந்தத் தாளுக்குப் பின்னே ஒரு தாயின் வளையலும் இருக்கலாம் என்பதை மறவாதிருப்போமாக!

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு