மூடித் திறந்தால்தான் அடைபடும் ஓட்டை

ஆடிட்டர் சார் காலை ஏழு மணிக்கு முன்னால் போன் செய்தால், அன்றைய பேப்பரில் கம்ப்யூட்டரைப் பற்றி ஏதோ வந்திருக்கிறது என்று பொருள். 2010 ஜனவரியில் அப்படித்தான் கூப்பிட்டார். “தம்பி, ஜெர்மனிக்காரனே இந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேண்டாங்கிறானாமா. நம்ம ஆபீஸ்ல எல்லாத்துலயும் அதுதான இருக்குது? தூக்கிப் போட்டுரலாங்களா?”

ஈரோட்டில் அப்போது எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், மணிக்கு இருபது ரூபாய். கூடவே நாலைந்து ஆடிட்டர் ஆபீஸ், நூல் கடை, மஞ்சள் மண்டிகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு சென்டர் இல்லை, சர்வீஸ் மட்டும் ஓடுகிறது. ஆனால் அந்தக் கேள்வி ஓயவில்லை. குரோமில் பெரிய ஓட்டையாம், மத்திய அரசே எச்சரித்திருக்கிறதாம், வேறு பிரவுசருக்கு மாறிவிடலாமா என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள்.

ஜெர்மனி விஷயம் உண்மைதான். அந்த மாதம் 12-ஆம் தேதி, சீனாவிலிருந்து தன் கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்ததாக கூகுள் வெளிப்படையாகச் சொன்னது. நுழையப் பயன்பட்டது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அதுவரை அடைக்கப்படாத ஓர் ஓட்டை. அடைக்கும்வரை வேறு பிரவுசரைப் பயன்படுத்துங்கள் என்று ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் சொன்னது, பிரான்ஸும் சொன்னது. 21-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அவசர அப்டேட் விட்டது. அந்த இடைப்பட்ட நாட்களுக்கு அது சரியான யோசனை.

நானும் ஒரே நாளில் எல்லா இடத்திலும் ஃபயர்பாக்ஸ் போட்டேன். டெஸ்க்டாப்பில் இருந்த நீல ‘இ’யை எடுத்துவிட்டேன். எங்கள் பக்கம் அந்த நீல ‘இ’க்குப் பெயரே ‘நெட்’தான். நெட்டைக் காணோம் என்று ஒரு வாரம் போன் வந்துகொண்டே இருந்தது. பொறுமையாகச் சொல்லிப் பழக்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து நூல் கடைக் கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்து பார்க்கிறேன், நான் போட்ட அதே ஃபயர்பாக்ஸ் 3.5 அப்படியே இருக்கிறது. வேலை பார்க்கும் பையன்கள் கண்டதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாதென்று அந்த மெஷின்களில் அட்மின் உரிமையை எடுத்துவிட்டிருந்தேன். உரிமை இல்லாததால் அப்டேட்டும் ஏறவில்லை. அத்தனை மாதங்களில் ஃபயர்பாக்ஸில் கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகள் எல்லாம் அங்கே திறந்தே கிடந்திருக்கின்றன. கடையின் வங்கிக் கணக்கை அதில்தான் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதில் என் பங்கு எதுவும் கிடையாது. அன்றிலிருந்து எந்த பிரவுசர் என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்த வெர்ஷன், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்றுதான் கேட்கிறேன்.

ஓட்டை என்கிறோமே, அது உள்ளே எப்படி இருக்கும்? 2010-இல் வந்ததும், மறுபடி 2014 ஏப்ரலில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 6 முதல் 11 வரை எல்லா வெர்ஷனையும் பிடித்துக்கொண்டதும் ஒரே ரகம். லாட்ஜில் ஓர் அறையைக் காலி செய்கிறீர்கள், ஆனால் சாவியைத் திருப்பித் தரவில்லை. அந்த அறையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் மேசை மேல் தன் காகிதத்தை வைத்துவிட்டுக் காத்திருக்கிறான். நீங்கள் பழைய சாவியோடு திரும்ப வந்து, அது நீங்கள் வைத்துவிட்டுப் போன காகிதம் என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். பிரவுசர் தன் மெமரியில் செய்வது இதுதான். ஒரு பகுதியை விடுவித்துவிடுகிறது, விடுவித்ததை மறந்து மறுபடி அங்கேயே போகிறது. அந்த இடத்தில் தன் சரக்கை வைக்கத் தெரிந்தவன் உங்கள் கம்ப்யூட்டரை ஓட்ட ஆரம்பிக்கிறான். நீங்கள் எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். பக்கம் திறந்தாலே போதும்.

குரோமிலும் இதே கதைதான். அதைக் கட்டும் பொறியாளர்களே 2020-இல் கணக்குச் சொன்னார்கள்: தீவிரமான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் மெமரியைக் கையாளும் தவறுகள், அதில் பாதி இந்தப் பழைய சாவி ரகம். வித்தியாசம் எங்கே என்றால், 2008-இல் வந்தபோதே குரோம் டேப்களைத் தனித்தனி அறைகளாகப் பிரித்து, அறைக்குள் புகுந்தவன் கூடத்துக்கு வர இன்னொரு பூட்டையும் உடைக்க வேண்டும் என்று வைத்தது. மற்ற பிரவுசர்களும் பின்னால் அந்த வழிக்கு வந்தன. ஆனாலும் உடைக்கிறார்கள். கனடாவின் வான்கூவரில் 2007-இல் தொடங்கிய பவுன்-டு-ஓன் ஹேக்கிங் போட்டியில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் எல்லாமே வெவ்வேறு வருஷங்களில் விழுந்திருக்கின்றன.

அதனால்தான் ‘குரோமில் ஓட்டை’ என்ற செய்தியைப் பார்த்து எட்ஜுக்கு மாறுகிறேன் என்பவர்களை நான் தடுக்கிறேன். 2020 ஜனவரியிலிருந்து எட்ஜ் நிற்பது குரோமின் அஸ்திவாரமான குரோமியத்தின் மேல்தான். ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் போனில் வரும் பிரவுசர் எல்லாம் அதே வீட்டின் வேறு வேறு போர்ஷன்கள். அஸ்திவாரத்தில் விரிசல் என்றால் எல்லா போர்ஷனுக்கும் விரிசல். சொல்லப்போனால் குரோமுக்கு முதலில் சரிசெய்துவிட்டு, அதை எடுத்து மற்றவர்கள் தங்கள் பிரவுசரில் சேர்க்கச் சில நாள் பிந்தலாம். ஃபயர்பாக்ஸ் தனி வீடு. அதற்கும் தப்பிக்க முடியாத நாள் உண்டு. 2023 செப்டம்பரில் வெப்-பி என்ற பட வகையைத் திறக்கும் ஒரு சின்ன நிரலில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். அந்த ஒரே நிரலைத்தான் குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாம் பயன்படுத்தின. ஓரிரு நாளில் எல்லோரும் அப்டேட் விட்டார்கள். அந்த வாரம் பிரவுசர் மாற்றியவருக்கு எந்த லாபமும் இல்லை, அப்டேட் செய்தவருக்கு இருந்தது.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தால் பயப்படுவதற்கு முன் அதை முழுசாகப் படியுங்கள். இன்ன வெர்ஷனுக்கு முந்தையதெல்லாம் ஆபத்து என்று எண் போட்டிருக்கும். அதற்கு அர்த்தம், அடைப்பு ஏற்கனவே தயார் என்பதுதான். ஆனால் ஒன்றை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அடைப்பு வெளியான அன்றே ஓட்டை எங்கே என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய வெர்ஷனையும் புதிய வெர்ஷனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். அப்டேட் வந்த நாளுக்கும் உங்கள் மெஷினில் அது உண்மையாக ஏறிய நாளுக்கும் நடுவில்தான் ஆபத்து அதிகம்.

உண்மையாக ஏறிய நாள் என்று ஏன் சொல்கிறேன்? ஒரு நூல் கடையில் கணக்கு எழுதும் பெண் இருக்கிறாள். நல்ல சுறுசுறுப்பு. ஒருநாள் பிரிண்டருக்காகப் போனேன். அவள் குரோமின் மேல் வலது மூலையில் ‘அப்டேட்’ என்ற பட்டன் சிவப்பாக நின்றது. அப்டேட் வந்து இரண்டு நாள் வரைக்கும் பச்சை, நாலு நாள் ஆனால் ஆரஞ்சு, ஒரு வாரம் தாண்டினால் சிவப்பு. “என்னம்மா இது, எத்தனை நாளா இப்படி நிக்குது?” என்றேன்.

“அது ரொம்ப நாளாவே செவப்பாத்தானுங்கண்ணா இருக்குது. மூடினா எல்லா டேப்பும் போயிருமுன்னு நான் தொடறதே இல்லீங்க.”

ஜிஎஸ்டி, வங்கி, ஈ-வே பில், மூன்று மில்லின் ஆர்டர் பக்கம், மெயில் என்று மேலே வரிசையாக டேப்கள், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. இரவில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யாமல் ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போகிறாள். புதிய குரோம் அவள் ஹார்ட் டிஸ்க்கில் இறங்கிக் காத்திருக்கிறது, ஓடுவதோ பழைய குரோம். ஒரு தடவை மூடித் திறந்தால்தான் புதியது வேலைக்கு வரும். பாதி நிரப்பிய படிவம் ஏதாவது இருந்தால் முதலில் சேவ் பண்ணச் சொன்னேன், ஏனென்றால் அதில் அடித்தது திரும்ப வராது. பிறகு நானே அந்தப் பட்டனை அழுத்தினேன். பத்து வினாடி இருக்கும், அத்தனை டேப்பும் அதே வரிசையில் வந்து நின்றன. வங்கியில் மட்டும் மறுபடி லாகின் கேட்டது. அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் கல்லாக் கணக்கு முடித்ததும் மூடித் திறக்கிறாள். 2023 ஆகஸ்டிலிருந்து குரோமுக்குப் பாதுகாப்பு அப்டேட் வாராவாரம் வருவதால் இந்த வழக்கம் சரியாகப் பொருந்துகிறது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்டேட் செய்யச் சொல்லிப் பழக்கியவர்களைத்தான் போலி அப்டேட்காரன் பிடிக்கிறான். ஒரு மண்டியில் ஏதோ பக்கம் திறந்ததும் ‘உங்கள் குரோம் பழையது, உடனே அப்டேட் செய்யவும்’ என்று திரை முழுக்க வந்திருக்கிறது. லோகோ, நிறம் எல்லாம் அச்சு அசல். நல்ல எண்ணத்தில் அழுத்தியிருக்கிறார்கள். அந்த மெஷினை ஃபார்மேட் செய்து, எல்லா பாஸ்வேர்டையும் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றி முடிக்க இரண்டு நாள் ஆனது. உண்மையான அப்டேட் ஒருநாளும் இணையப் பக்கத்துக்குள் வந்து கேட்காது. சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மேலே மூன்று புள்ளி, அதில் ‘உதவி’, அதில் ‘குரோம் பற்றி’ என்று போங்கள். அந்தப் பக்கம் திறந்தாலே அதுவாகத் தேடி இறக்கிக்கொள்ளும்.

பிரவுசரோடு நாமே சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் விஷயத்திலும் நான் கறார். ‘எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று அனுமதி கேட்பதை, வங்கி வேலை நடக்கும் பிரவுசரில் விடுவதே இல்லை. நல்ல எக்ஸ்டென்ஷனும் கை மாறலாம். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்று டேப்களைத் தூங்கவைக்கும் ஒன்றை லட்சக்கணக்கானவர்கள் வைத்திருந்தார்கள். எழுதியவர் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட, 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை நிறுத்தியது. பிரவுசர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் நாமே உள்ளே விட்ட ஆளை அது தடுக்காது.

அப்படியானால் மாறவே வேண்டாமா? அடைப்பு வராது என்று தெரிந்துவிட்டால் அன்றே மாற வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் நிறுத்திய பிறகும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி டெண்டர் போடும் பழைய தளம் ஒன்று அதில்தான் திறக்கும் என்று ஒரு ஒப்பந்ததாரர் விடாமல் வைத்திருந்தார். எட்ஜிலேயே அந்தப் பழைய முறையில் திறக்க வசதி இருக்கிறது. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அதை வைத்துக் கொடுத்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் வேறு பிரவுசர்.

பிரவுசரை மாற்றித் தீராத இடமும் உண்டு. ஆடிட்டர் சார் ஆபீஸின் பின்னறையில் ஒரு விண்டோஸ் 7 மெஷின். பழைய கிளையன்ட்களின் டேலி கணக்கெல்லாம் அதில்தான். குரோம் அதற்கு 109-ஆம் வெர்ஷனோடு நின்றுவிட்டது. ஃபயர்பாக்ஸ் 115 மட்டும் சலுகை மாதிரி நீட்டித்து நீட்டித்து அப்டேட் கொடுத்தது. “அப்ப அதைப் போட்டுரலாங்களா தம்பி?” என்றார். “சார், பிரவுசரை மட்டும் புதுசாக்கி என்ன பண்றது? கீழ இருக்கிற விண்டோஸுக்கு அடைப்பு வந்து வருஷக்கணக்காச்சுங்க” என்றேன். கொஞ்ச நேரம் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது.

“கணக்குப் பார்க்க மட்டும் இருக்கட்டுங்களே?”

இருக்கட்டும் என்றேன். மேசைக்கு அடியில் குனிந்து நீல நிற நெட் ஒயரைப் பிடுங்கி, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். அதை வாங்கி டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.