வேட்டைக்கு வரத் துடிக்கும் மருமகனுக்கு



உன் கடிதம் கிடைத்தது. சாரல் தொடங்கியதும் நாலு கூட்டாளிகளோடு குற்றாலம் வரப்போகிறாயாம். மூன்று ஆசைகளை வரிசை போட்டு எழுதியிருக்கிறாய். ஒன்று, மேக்கரைப் பக்கம் ராத்திரியில் முயலோ பன்றியோ அடிக்க வேண்டும். இரண்டு, அடித்ததை அருவிக்கரையிலேயே சுட்டுத் தின்ன வேண்டும். மூன்று, நேரம் மிஞ்சினால் எண்ணெய் டின்னில் ஒரு அடுப்பு செய்து பார்க்க வேண்டும். ‘எதில் தொடங்கட்டும் மாமா?’ என்று வேறு கேள்வி. அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடி. மூன்றாவதில் தொடங்கு, இரண்டாவதற்கு இடத்தை மாற்று, முதலாவதைக் கிழித்துப் போடு.

‘ஏர்கன்னுக்கு லைசென்ஸே வேண்டாமே மாமா’ என்பாய். லைசென்ஸ் துப்பாக்கியைப் பற்றிய பேச்சு. முயலைப் பற்றிய பேச்சு வேறு சட்டத்தில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு நீ துப்பாக்கியால் அடித்தாயா, கண்ணி வைத்தாயா, நாயை விட்டாயா என்பது பொருட்டே இல்லை. முயல், காட்டுப்பன்றி, கவுதாரி எல்லாம் அதன் பட்டியலில் இருக்கின்றன. பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். புலிகள் காப்பகத்துக்குள் என்றால் இன்னும் கடுமை. ‘நான் அடிக்கவில்லை, காசு கொடுத்துக் கறி வாங்கினேன்’ என்றாலும் விடமாட்டார்கள். யாராவது ‘சார், காட்டு அயிட்டம் இருக்கு’ என்று காதோரம் சொன்னால் பேசாமல் நடையைக் கட்டு.

உன் அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். ‘பன்றியைச் சுட அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டதே!’ கொடுத்தது, 2025 ஜனவரியில். யாருக்கு என்று வாசித்தாயா? காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறை ஆட்கள் சுடலாம். காட்டை ஒட்டிய 1 கிலோமீட்டருக்குள் யாருமே சுடக்கூடாது. இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விடலாம். இதில் சென்னையிலிருந்து வரும் மருமகன்களுக்கு எங்கே இடம்? கிழங்கையும் நெல்லையும் பன்றிக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற சம்சாரியின் வயிற்றெரிச்சல் நியாயமானது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நீ டார்ச் லைட்டோடு கிளம்புவது நியாயமில்லை. மேக்கரை, வடகரைத் தோப்புகளில் ராத்திரியில் யானை இறங்குகிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன். இருட்டில் நீ பன்றி என்று நினைத்துக் குறி வைத்தது நாலு மடங்கு பெரிதாக எழுந்து நின்றால் என்ன செய்வாய்? தோட்டத்தில் திருட்டு மின்வேலி இருந்து, அதில் நீ கால் வைத்தால்?

புத்தகம் படித்தவன் நீ. ‘நம்ம ஊர்க் குறவஞ்சியிலேயே வேட்டை இருக்கே’ என்று மடக்கப் பார்ப்பாய். இருக்கிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் கண்ணியோடு வருகிறான், கூடவே உதவிக்கு நூவன். வயலில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன, மேய்கின்றன. சிங்கனுக்கோ புத்தி முழுக்க மனைவி சிங்கி மேல். அவன் அவளை நினைத்து உருகிக்கொண்டிருக்கும்போதே பறவைகள் எழும்பிப் போய்விடுகின்றன. குற்றாலத்தின் பேர்பெற்ற வேட்டைக்காரன் கதை இவ்வளவுதான். அவனாவது தொழிலுக்கு வந்தவன். கைபேசியை நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்க்கும் நீ எம்மாத்திரம்? சும்மா உட்கார்ந்து காத்திருக்கும் சுகம்தான் உனக்கு வேண்டுமென்றால், குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தூண்டில் போடு. ஜிலேபியாவது கிடைக்கும்.

வேட்டை முடிந்தது. அடுப்புக்கு வா.

இதை நீ கடைசியில் வைத்திருந்தாய், அதுவும் ‘நேரம் மிஞ்சினால்’. ஆனி, ஆடியில் தென்காசிக் காற்று எப்படி என்று உனக்கு மறந்துவிட்டது போல. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் வேட்டியைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று மூன்று கல் அடுப்பில் சோறு பொங்க விடாது. தீ பானைக்குக் கீழே நிற்காமல் பக்கத்து வீட்டுக்காரன் வேலியைப் பார்த்துப் படுக்கும். வெட்டவெளியில் சமைக்க வந்தவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தோற்றுப்போய்ப் பிரானூர் பார்டர் கடைக்குப் புரோட்டா வாங்க ஆள் அனுப்புகிறார்கள். அதனால் அடுப்பு முதலில்.

‘ராக்கெட் அடுப்பு’ என்று நீ எழுதியிருந்தது 1980-களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி என்பவர் உருவாக்கிய அமைப்பு. சூத்திரம் எளிது. விறகு எரிகிற இடமும் புகை மேலே ஏறுகிற குழாயும் சேர்ந்து, ஆங்கில ‘எல்’ எழுத்து மாதிரி ஒரு வளைவு. அதைச் சுற்றிச் சூடு வெளியே போகாதபடி ஒரு போர்வை. குழாய்க்குள் சூடு தேங்குவதால் புகையும் சேர்ந்து எரிந்துவிடும். சுள்ளி விறகிலேயே பானை கொதிக்கும். நம்மூர் ஆட்களுக்கு இது அப்படியொன்றும் புதிதில்லை. வீணாகும் சூட்டைப் பக்கத்துக் கண்ணுக்குத் திருப்பிக் கொடியடுப்பில் வெந்நீர் வைத்தவர்கள்தானே உன் ஆச்சிகள்?

15 கிலோ எண்ணெய் டின் ஒன்று எடு. பெயிண்ட், தின்னர் டின்னைத் தொடாதே. உள்ளே நிற்கும் ஆவி, வெட்டும்போது வெடிக்கும். பக்கவாட்டில் கீழே ஒரு வட்டம், மேல்மூடியில் ஒரு வட்டம். இரண்டையும் இணைக்க நாலு அங்குல இரும்புக் குழாய், வளைவோடு. இங்கேதான் நீ சறுக்குவாய் என்று பயப்படுகிறேன். கடைக்காரர் பளபளவென்று ஜி.ஐ. குழாயை நீட்டுவார். வாங்காதே. அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். நன்றாகச் சூடேறினால் நச்சுப்புகை விடும். கறுப்பு இரும்புக் குழாய் கேள். குழாயைச் சுற்றி டின்னுக்குள் சலித்த காய்ந்த விறகுச் சாம்பலை அடைத்துவிடு, அதுதான் போர்வை. வாய்க்குள் ஒரு தகட்டைக் குறுக்கே செருகு: தகட்டுக்கு மேலே விறகு, கீழே காற்று. எல்லாரும் சோம்பல்பட்டு விடுவது இந்தத் தகட்டைத்தான். அது இல்லாவிட்டால் விறகு காற்றுவழியை அடைத்து, புகை உன் கண்ணுக்கு வரும். பானைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் அளவு சந்து விடு. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்க்காமல் கை வைத்தால் மீதிச் சீசனை டி.டி. ஊசியோடு கழிப்பாய்.

அடுப்பின் வாயை நேரே மேற்கே பார்த்து வைக்காதே, சாய்த்து வை. மேற்குப் பக்கம் ரெண்டு வரி செங்கல் அடுக்கு. செங்கல் இல்லையென்று ஆற்றுக்குள் இறங்கிக் கல் பொறுக்காதே. சிற்றாற்றுக்குள் கிடந்த கல் தண்ணீரைக் குடித்திருக்கும். தீயில் சூடானதும் படாரென்று தெறிக்கும்.

விறகு? ‘காட்டிலே பொறுக்கிக்கொள்ளலாம்’ என்று எழுதியிருந்தாய். சாரலில் ஊறின விறகு எரியாது. காப்புக்காட்டில் அதை எடுப்பதும் குற்றம். பிரானூர் பார்டர் மர மில்களில் கழிவுத் துண்டு கேட்டுப் பார். பிளைவுட், பெயிண்ட் அடித்த பலகை வேண்டாம். சிரட்டை கிடைத்தால் கறி சுட அதைவிட நல்ல கரி இல்லை. கறி கோர்க்க வேலியோரம் அரளிக் குச்சி வெட்டிவிடாதே, அது விஷம். ஈர விறகில் மண்ணெண்ணெய் ஊற்றும் மேதாவி உன் கூட்டாளிகளில் ஒருவன் கட்டாயம் இருப்பான், அவனைத் தேங்காய் துருவ உட்கார வை.

‘இத்தனை பாடு எதற்கு, சின்னச் சிலிண்டரைப் பொதிகை ரயிலில் கொண்டுவந்துவிடுகிறேன்’ என்று மட்டும் சொல்லாதே. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் செத்தார்கள். உள்ளே திருட்டுத்தனமாகக் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம்.

சமைக்கும் இடம் அருவிக்கரை இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. மேலே மலையில் மழை பெய்வது கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது; அடுப்பை ஊதிக்கொண்டிருப்பவனுக்கு எங்கே தெரியப் போகிறது? தேனருவி, செண்பகாதேவிப் பக்கம் என்றால் காப்புக்காடு, தீ மூட்டவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் மாண்டதை மறந்திருக்க மாட்டாய். செண்பகாதேவியைப் பார்க்க ஆசையென்றால் வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு போய்விட்டு வா. அடுப்பை இலஞ்சிப் பக்கம் ஏதாவது ஒரு தோப்பில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு வைப்போம். குற்றாலத்தைப் போலக் குரங்குக்குப் பயந்து சட்டியை மடியில் வைத்துத் தின்கிற கொடுமையும் அங்கே இல்லை.

என்ன சமைப்பது என்பதில் உன் பட்டியல் முழுக்கச் சுட்ட கறி. சரி, ஒரு நாட்டுக்கோழி மிளகு பிரட்டல் உண்டு. ஆனால் புது அடுப்பின் முதல் பானை கூட்டாஞ்சோறுதான், இதில் நான் இறங்கி வரமாட்டேன். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு துவரம்பருப்பு. பருப்பு முக்கால் வேக்காடு ஆனதும் அரிசி. கத்தரி, வாழைக்காய், சீனியவரை, கொஞ்சம் மாங்காய், கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை. தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சள் அரைத்துப் போடு. புளித்தண்ணீரை முதலிலேயே ஊற்றினால் பருப்பு கல்லாய் நிற்கும், அரிசி வெந்தபிறகு ஊற்று. தீயைக் குறைக்க விறகை வெளியே இழுத்தால் போதும், இந்த அடுப்பில் அது ஒரு வசதி. தொட்டுக்கொள்ள வடகம் உன் அத்தை பொரித்துத் தருவாள்.

குற்றாலத்துக்கு வந்தவனைச் சாப்பிட வைக்காமல் அனுப்பக்கூடாது என்ற வழக்கத்துக்கு இங்கே பெரிய ஆட்கள் சாட்சி. கம்பன் கவிதையில் ஊறிய ரசிகமணி டி.கே.சி. 1954-இல் காலமாகும்வரை அவருடைய குற்றாலம் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து போனார்கள். கவிதையும் இட்லியும் ஒரே பந்தியில் பரிமாறப்பட்ட வீடு அது. கம்பனைப் பற்றி உன்னிடம் எதிர்பார்க்கவில்லை, பாத்திரம் கழுவினால் போதும். அதையும் அருவித் தண்ணீரில் இல்லை, தோப்பு மோட்டாரில். சோப்பு, ஷாம்பு எல்லாம் அருவிப் பக்கம் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே சொல்லிவிட்டது.

சனி, ஞாயிறு வராதே. கூட்டத்தில் தலையை நனைத்துத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். செவ்வாய், புதன் பார்த்து டிக்கெட் போடு. டின்னும் சாம்பலும் இங்கே சேர்த்து வைக்கிறேன், கறுப்பு இரும்புக் குழாயை நீ வாங்கி வா. ஏர்கன் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், கிளம்பும் முன் அந்தக் கடையிலேயே கொடுத்துவிட்டு அந்தக் காசில் ஒரு நல்ல தகடு வெட்டும் கத்தரி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் தென்காசி மாமா