ஃபோர் வீல் வண்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடையநல்லூர் வழியாகச் செல்லும் 744ஆம் தேசிய நெடுஞ்சாலை, செங்கோட்டையைத் தாண்டியதும் புளியரையில் எஸ் வளைவாக வளைந்து கேரளத்துக்கு ஏறுகிறது. நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் மலையடிவாரத் தோப்புகளுக்குப் போகும் மண்பாதைகள்; மழை பெய்தால் சேறு. இப்படிப்பட்ட ஊரில் ஃபோர் வீல் வண்டி மீது ஆசை வருவது இயல்பு. வளைகுடாவில் மணல்மேட்டில் வண்டி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு அது இன்னும் அதிகம். இருக்கிற வண்டியின் கியர் பாக்ஸோடு சில பாகங்களைச் செய்து சேர்த்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: எந்தக் காருக்கும் பின்னால் ஒரு ஷாஃப்ட் கொடுத்தால் போதும்.

உண்மை: இன்றைய சிறிய கார்களில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. சக்தி வெளியே வருவது இடமும் வலமும்தான். பின்பக்கம் போக வழியே கிடையாது. அதைப் பின்னால் திருப்பத் தனியாக ஒரு பல்சக்கர ஜோடி வேண்டும். ஷாஃப்ட் போகும் வழியில் சைலன்சர் குழாயும் பெட்ரோல் டேங்கும் இருக்கும். பின் ஆக்சிலையே மாற்ற வேண்டும். 2014இல் வந்த ரெனோ டஸ்டர், 2022இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றில் மேனுவல் கியரோடு நான்கு சக்கர இழுவை கிடைத்தது. அதற்கேற்ற அடித்தளத்தையும் பின் சஸ்பென்ஷனையும் தயாரிக்கும்போதே அமைத்திருந்தார்கள்.

1980இல் வந்த ஆடி குவாட்ரோ இதை இன்னும் அழகாகச் செய்தது. அதன் மேனுவல் கியர் பாக்ஸுக்குள் 263 மில்லிமீட்டர் நீளமுள்ள குழல் போன்ற தண்டு ஒன்று இருந்தது. அந்தக் குழல் வழியே சக்தி பின்னால் போய் நடு டிஃபரன்ஷியலைச் சுழற்றும். அங்கிருந்து ஒரு பங்கு பின்சக்கரங்களுக்குப் போகும். மறு பங்கு, குழலுக்குள்ளேயே ஓடும் இன்னொரு தண்டு வழியாக முன்சக்கரங்களுக்குத் திரும்பும். பிறகு சேர்த்து ஒட்டக்கூடிய வேலை அல்ல இது.

நம்பிக்கை 2: பழைய ஜீப் என்றால் சுலபம், டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் ஆக்சிலும் கிடைத்தால் மாட்டிவிடலாம்.

உண்மை: மாட்டலாம், ஆனால் பொருந்த வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதன் முன்வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ, முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் கூடும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். இரண்டு ஆக்சிலுக்கும் கிரவுன்-பினியன் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல் என்றால் விகிதம் ஏறக்குறைய 5.38. மற்ற ஆக்சிலில் 39 பல் இருந்தால் 4.88 ஆகிவிடும். ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் பத்து சதவீத வேக வித்தியாசத்தில் ஒன்றையொன்று இழுக்கும். கிராஸ் ஜாயின்ட்டும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அதைத் தாங்கமாட்டா.

கழற்றாமலே இதைச் சோதிக்கலாம். நியூட்ரலில் வைத்து, வண்டி உருளாதபடி கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். மாட்டப்போகும் முன் ஆக்சிலையும் இதே போலப் பாருங்கள். டயர் அளவும் நான்கிலும் ஒன்றாக இருக்கட்டும்.

நம்பிக்கை 3: நல்ல லேத் இருந்தால் எந்தப் பாகத்தையும் செய்துவிடலாம்.

உண்மை: புஷ், ஸ்பேசர், இணைப்புத் தகடு போன்றவற்றை நம் பட்டறைக்காரர்கள் அருமையாகச் செய்கிறார்கள். கியர் வேறு விஷயம். பற்களை வெட்டத் தனி இயந்திரம் வேண்டும். இஎன்36 போன்ற இரும்பில் செய்து, மேல்தோல் மட்டும் கடினமாகும்படி சூடேற்றிப் பதப்படுத்தி, பிறகு சாணை பிடித்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பதம் ஏறாத பல் தேயும். உள்வரை கடினமான பல் உடையும். இணைப்புத் தகட்டிலும் மையம் சற்றே விலகினால் பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் போய்விடும்.

நம்பிக்கை 4: மழையில் தார்ச்சாலையிலும் ஃபோர் வீல் போட்டே ஓட்டினால் பத்திரம்.

உண்மை: வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. நடு டிஃபரன்ஷியல் இல்லாத ஜீப்பில் அந்த வித்தியாசத்துக்கு வழி இல்லை. சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி ஈடுகட்டும். தாரில் பிடி அதிகம் என்பதால் ஷாஃப்டுகள் முறுக்கேறி, ஸ்டீயரிங் இறுகும். பிரேக்கோ எல்லா வண்டியிலும் ஏற்கெனவே நான்கு சக்கரத்துக்கும்தான். புளியரை இறக்கத்தில் காப்பாற்றுவது டயரின் பிடியும், குறைந்த கியரில் நிதானமாக இறங்குவதுமே.

நம்பிக்கை 5: என் வண்டி, என் விருப்பம்.

உண்மை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

தோப்புக்கு நிஜமாகவே ஃபோர் வீல் தேவைப்படுகிறவர், கம்பெனியே அப்படிச் செய்து, ஆர்சியிலும் அப்படியே பதிவான வண்டியை வாங்கட்டும். பழைய ஃபோர் வீல் ஜீப்பைப் பிரித்துச் சீராக்கும் கைத்திறன் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. அதற்கு வேலை கொடுங்கள். மற்றவர்களுக்கு நான்கு நல்ல டயர் போதும்.