பாஸ் நெக்: வாங்கலாமா, நாமே செய்யலாமா?

தம்பி, நெக் வளைந்துபோன பாஸைக் கையில் வைத்துக்கொண்டு "நானே ஒண்ணு செஞ்சிடவா அக்கா?" என்று கேட்கிறாய். முதலில் பாடியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். நாலு ஸ்க்ரூ தெரிந்தால்தான் இந்தப் பேச்சே. ஹாஃப்னர் 500/1 போல ஒட்டிய நெக், ரிக்கன்பேக்கர் 4001 போல பாடிக்குள் ஒரே மரமாக ஓடும் நெக் என்றால் நல்ல ரிப்பேர் ஆளிடம் கொடுத்துவிடு. ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பாஸைக் கொண்டுவந்ததிலிருந்து ஸ்க்ரூ போட்ட நெக்தான் பரவலாக இருக்கிறது. கழற்றி மாற்ற அதுதான் வசதி.

அடுத்த மாதம் கச்சேரி என்றால் யோசிக்காதே, வாங்கு. ஆனால் அளக்காமல் வாங்காதே. நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கு. 34 இஞ்ச் வந்தால் வழக்கமான ஸ்கேல், 30 வந்தால் ஷார்ட் ஸ்கேல். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் பிரிட்ஜ் இருக்கும் இடம் பொருந்தாது, சுருதி சேரவே சேராது. ஃபெண்டர் வகையில், பாடிக்குள் உட்காரும் நெக் அடிப்பகுதியான ஹீலின் அகலம் 63.5 மி.மீ. விலை குறைந்த பாஸ்களில் இது மாறலாம், அதனால் உன் பாடியில் இருக்கும் குழியையே அளந்துகொள். ட்யூனர் துளையின் விட்டத்தையும் பார். நட் அகலம் உன் விரலைப் பொறுத்தது: ஜாஸ் பாஸில் சுமார் 38 மி.மீ., பிரிசிஷனில் அதைவிட அகலம். வார்மோத், ஆல்பார்ட்ஸ் இரண்டும் ஃபெண்டரிடம் உரிமம் பெற்று நெக் செய்பவர்கள். அனுப்பும் செலவு, சுங்க வரியோடு ஃபிரெட்டைச் சமன்செய்யவும் நட்டை வெட்டவும் ஆகும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு. புது நெக்குக்கும் அந்த வேலை பெரும்பாலும் தேவைப்படும்.

செய்வதென்றால் மரத்தில்தான் பாதி விஷயம். நாலு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஈரம் முழுக்கக் காய்ந்த, ரேகை நேராக ஓடும் ஹார்டு மேப்பிள் பலகையாகப் பார். முதலில் கொஞ்சம் பருமனாகவே அறுத்து, சில வாரம் காற்றாடச் சாத்தி வை. அப்போதே முறுக்கிக்கொண்டால் அந்தப் பலகையை விட்டுவிடு. நீளவாக்கில் வரும் வளைவை நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் நிமிர்த்தும், முறுக்கலை நிமிர்த்தாது. ராட் உட்காரும் காடியும் இறுக்கமாக இருக்கட்டும், தளர்ந்தால் வாசிக்கும்போது கடகடவென்று அதிரும்.

ஃபிரெட் காடிகளில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஸ்கேல் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம் வரும், 34 இஞ்ச் ஸ்கேலில் அது சுமார் 48.5 மி.மீ. மீதி நீளத்தை அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போ. கணக்குதான் இப்படி. பலகையில் குறிக்கும்போது ஒவ்வொரு ஃபிரெட்டையும் நட்டிலிருந்தே அளந்து குறி. முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளந்தால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் கூடிக்கொண்டே போகும். வெட்டு அரை மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். சாதாரண ரம்பத்தால் அறுத்தால் அகலமாகி, ஃபிரெட் பிடிக்காமல் எழும்பிவிடும்.

பணம் மிச்சமாகும் என்று மட்டும் இதில் இறங்காதே. ஃபிரெட் ரம்பம், ரேடியஸ் கட்டை, ஃபிரெட் அரம், நேர்ப்பட்டை எல்லாம் வாங்கினால் முதல் நெக் கடை நெக்கைவிட அதிகமாகவே இழுத்துவிடும். கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால்தான் அந்தச் செலவு நியாயம். அந்த ஆசை உனக்கு இருக்கிறது, எனக்குத் தெரியும். அதனால் காடி வெட்டிய ஃபிங்கர்போர்டை மட்டும் கடையில் வாங்கிக்கொண்டு, நெக்கை நீ செதுக்கு. பிசகவே கூடாத வேலை மெஷினுக்குப் போய்விடும், கைக்குப் பழக்கமாகும் வேலை உன்னிடம் இருக்கும்.

ஒன்று மட்டும் கேள். உன்னிடம் இருப்பது ஒரே பாஸ். அதற்கு இப்போதைக்கு ஒரு நெக்கை வாங்கி மாட்டி வாசித்துக்கொண்டிரு. மர வேலையை அவசரமில்லாமல் பக்கத்திலேயே ஆரம்பி.