கூரையிலுள்ள கல்நார்: வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை



நம்மவர் வீட்டுக் கூரையின் வரலாற்றை நான்கு பொருள்களைக் கொண்டு சொல்லிவிடலாம். ஓலையும் கிடுகும் முதலாவது. மண்ணைப் பிசைந்து சூளையில் சுட்ட ஓடு இரண்டாவது. நாகம் பூசிய இரும்புத் தகடு, அதாவது நாம் தகரம் என்று சொல்வது, மூன்றாவது. அஸ்பெஸ்டஸ் சீற் நான்காவது.

ஓலை குளிர்ச்சியானது, ஆனால் அடிக்கடி வேய வேண்டும், தீப்பொறி பட்டால் வீடு போயிற்று. ஓடு நீடித்துழைக்கும், ஆனால் பாரமானது, அதைத் தாங்க மரம் நிறைய வேண்டும். தகரம் வெயிலில் கொதிக்கும், கடற்காற்றில் துருப்பிடிக்கும். சீற்றோ துருப்பிடிக்காது, எரியாது, கறையான் அரிக்காது, விலையும் கட்டுப்படியாகும். அது எங்கும் பரவியதில் வியப்பில்லை. எனினும் நாள்தோறும் நம் தலைக்கு மேல் இருக்கும் அப்பொருள் எதனால் ஆனது, எப்போது தீங்கு செய்யும் என்பதை அறிந்தவர்கள் சிலரே. அதை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

கல்லா, நாரா?

அஸ்பெஸ்டஸ் என்பது ஆலையில் உண்டாக்கப்பட்ட இரசாயனப் பொருள் அன்று. நிலத்திலிருந்து தோண்டியெடுக்கப்படும் கனியம் அது. பாறை வெடிப்புகளில் நார்நாராகப் படிந்திருக்கும். பஞ்சைப் போலப் பிரித்து நூலாகத் திரிக்கலாம், துணியாகவும் நெய்யலாம். அது கல்லுந்தான், நாருந்தான். எனவே தமிழில் கல்நார் என்று பெயரிட்டது மிகப் பொருத்தமே. இதில் ஆறு வகைகள் உண்டு. அவற்றுள் வெள்ளை, நீலம், மண்ணிறம் ஆகிய மூன்றுமே பெருமளவில் வணிகத்துக்கு வந்தவை.

அஸ்பெஸ்டஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'அணைக்க முடியாதது' என்பது பொருள். மாற்கு நற்செய்தியின் 9 ஆம் அதிகாரத்தில் அவியாத நெருப்பைப் பற்றிச் சொல்லுமிடத்தில், கிரேக்க மூலத்தில் இச்சொல்லே வருகின்றது. பண்டைக் காலத்தில் கல்நாரை விளக்குத் திரியாகப் பயன்படுத்தினர். 13 ஆம் நூற்றாண்டில் ஆசியாவில் பயணஞ் செய்த மார்க்கோ போலோவும் நெருப்பில் வேகாத துணியைப் பற்றி எழுதியுள்ளார். அது நெருப்பில் வாழும் ஏதோ விலங்கின் உரோமம் என்று மக்கள் நம்பியிருக்க, மலையில் வெட்டியெடுக்கும் கனியமே அது என்று அவர் விளக்கினார்.

சீற் உருவான விதம்

இயந்திர யுகம் பிறந்தபின் கல்நாருக்குத் தேவை பெருகியது. நீராவிக் கொதிகலன்களுக்குப் போர்வையாகவும், கப்பல்களில் வெப்பத் தடுப்பாகவும், வாகனங்களின் பிறேக் பட்டிகளிலும் அது இடம்பெற்றது. ஒஸ்திரியா நாட்டவரான லூட்விக் ஹட்செக் என்பவர் கல்நாரையும் சீமெந்தையும் நீரிற் கலந்து மெல்லிய தகடுகளாக்கும் முறையைக் கண்டு, 1901 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 'என்றும் நிலைப்பது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'எற்றேனிற்' என்று பெயரிட்டார். நாம் காணும் சீற் அந்த வழியில் வந்ததே. அதில் பெரும்பகுதி சீமெந்து. ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே கல்நார். சீமெந்துக் கட்டடத்தில் கம்பி செய்யும் வேலையைச் சீற்றில் இந்த நார் செய்கின்றது.

தீங்கு வெளிப்பட்ட கதை

கல்நாரின் மெல்லிழை மனிதத் தலைமயிரிலும் பார்க்கப் பல நூறு மடங்கு நுண்ணியது. கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. மூச்சுடன் சுவாசப்பையின் ஆழத்துக்குச் சென்றால் அங்கே தங்கிவிடும். எந்தக் குணத்துக்காக மனிதன் அதை விரும்பினானோ, அந்தக் குணமே இங்கு பகையாகின்றது. நெருப்புக்கே அழியாத நாரை உடல் எவ்வாறு கரைக்கும்? அது தங்கிய இடம் தழும்பேறி இறுகும். நாளடைவில் மூச்செடுப்பதே பாடாகும். சுவாசப்பைப் புற்றுநோயும், சுவாசப்பையைச் சூழ்ந்த மென்சவ்வில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் புற்றுநோயும் இதனால் வரும். புகைபிடிப்பவருக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மேலும் பன்மடங்காகும்.

இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் கல்நார் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கேர்ஷோ என்ற பெண், 1924 இல் தமது 33 ஆவது வயதில் இறந்தார். அவரது சுவாசப்பையில் கல்நார்த் துகள்கள் காணப்பட்டதை மருத்துவர் குக் அதே ஆண்டில் மருத்துவ ஏட்டில் எழுதினார். 1931 இல் பிரித்தானியா ஆலைத் தூசைக் கட்டுப்படுத்தச் சட்டவிதிகள் இயற்றியது. 1960 இல் தென்னாபிரிக்காவில் வாக்னரும் அவரது தோழர்களும் 33 மீசோதெலியோமா நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்களுட் சிலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் அல்லர். சிறு வயதில் சுரங்கத்துக்கு அருகில் வாழ்ந்தவர்கள். தொழிலாளரின் தூசி படிந்த உடைகளைத் துவைத்த மனைவியரும் நோயுற்றமை பின்னர் தெரியவந்தது.

இந்நோய்களின் வஞ்சகம் காலதாமதத்தில் இருக்கின்றது. இன்று சுவாசித்த தூசு இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழித்தே நோயாகத் தலைகாட்டும். ஆகவே, "நான் எத்தனை வருடமாகச் சீற் வெட்டுகிறேன், எனக்கு என்ன வந்தது?" என்று ஒரு வேலையாள் கேட்டால், அது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

நாடுகளும் நாமும்

வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பிரித்தானியா 1999 இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005 இலும் அதைத் தடைசெய்தன. நெடுங்காலம் அதைத் தோண்டி விற்ற கனடாவே 2018 இல் தடைவிதித்தது. இலங்கை 1987 இல் நீலக் கல்நாரை விலக்கியது. வெள்ளைக் கல்நாரையும் 2018 முதல் கட்டுப்படுத்திப் படிப்படியாக நிறுத்த அரசு திட்டமிட்டிருந்தது. ஆனால் 2017 டிசெம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதென்று கூறி ரஷ்யா நம் தேயிலையை இடைநிறுத்தியது. நமக்குக் கல்நார் அனுப்பும் முதன்மை நாடும் அதுவே. சில நாட்களுள் கல்நார்க் கட்டுப்பாடு பின்போடப்பட்டது. தேயிலைத் தடையும் நீங்கிற்று.

வீட்டில் செய்ய வேண்டியவை

இவற்றை வாசித்து எவரும் பதற்றமடைய வேண்டியதில்லை. உடையாமல், உதிராமல் கூரையில் கிடக்கும் சீற்றில் நார் சீமெந்தினுள் கட்டுண்டு கிடக்கின்றது. அதன் கீழ் உறங்குவதால் மட்டும் பெருந்தீங்கு நேர்ந்துவிடாது. வெட்டும்போதும், துளையிடும்போதும், உரசும்போதும், நொறுக்கும்போதும் எழும் தூசே எதிரி. ஆகவே:

1. சீற்றை மின்வாளால் வெட்டவேண்டாம். வெட்டியே ஆகவேண்டுமாயின், நன்றாக நனைத்து, கைவாளால், வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு வெட்டுவியுங்கள்.

2. பாசி பிடித்த சீற்றைக் கம்பித் தூரிகையால் உரச வேண்டாம்.

3. விழுந்த தூளைத் தும்புத்தடியால் கூட்டவேண்டாம். நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுத்து, அத்துணியையும் பொலித்தீன் பையில் கட்டி அகற்றுங்கள். வேலை செய்தவரின் உடையை உதறாமல் நனைத்து, வேறாகத் துவையுங்கள்.

4. வாயில் கட்டும் கைக்குட்டை இந்நாரைத் தடுக்காது. நுண்தூசைத் தடுக்கவென்று செய்யப்பட்ட முகமூடியே வேண்டும்.

5. போரில் இடிந்த வீடுகளின் சீற்றுத் துண்டுகள் இன்றும் சில வளவுகளில் கிடக்கின்றன. அவற்றை நொறுக்கிப் பாதைக்குப் பரப்பவோ, நெருப்பிலிடவோ வேண்டாம். சூட்டில் அவை வெடித்துச் சிதறும். நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி, மீண்டும் கிண்டப்படாத இடத்தில் ஆழப் புதைப்பது நன்று. பிள்ளைகள் அவற்றால் நிலத்தில் கோடு கீறி விளையாட விடாதீர்கள்.

6. புதிதாக வீடு கட்டுவோர் ஓட்டையோ, கல்நார் கலவாத வேறு தகட்டையோ விலை விசாரித்துப் பாருங்கள். சற்றுக் கூடுதலான செலவு வீணாகாது.

முடிவாக ஒன்று. கூரை நம்முடையது, ஆனால் அதன் தூசைச் சுவாசிப்பவன் பெரும்பாலும் நாட்கூலிக்கு வரும் இளைஞன். சட்டையுமின்றிக் கூரையில் குந்தியிருந்து, வெண்தூசு பறக்க அவன் வெட்டுகின்றான். முப்பது ஆண்டுகளின் பின் அவன் மூச்சுத் திணறும்போது, யாருடைய வீட்டுச் சீற் அது என்று எவராலும் சொல்ல முடியாது. கேள்வி கேட்க ஆளில்லை என்பதனால் நம் பொறுப்பு நீங்கிவிடுமா? ஒரு வாளித் தண்ணீரும் ஒரு நல்ல முகமூடியும் பெருஞ் செலவல்ல. அடுத்த முறை உங்கள் கூரையில் ஒருவர் ஏறுமுன் அவ்விரண்டையும் ஆயத்தமாக வைத்திருங்கள்.