சர்வர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் அட்மினுக்கு ஒரு கடிதம்

லினக்ஸ் நம்பகமானதா, விண்டோஸ் நம்பகமானதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அளந்து பார்த்துச் சொன்னவர்கள் குறைவு. அந்தக் குறைந்த பேரில் முதலில் அறிய வேண்டியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர். இடியும் மழையுமாக இருந்த ஓர் இரவில், வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியே அவர் பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். கம்பியில் இரைச்சல் புகுந்து, அவர் தட்டாத எழுத்துகளெல்லாம் திரையில் வந்து விழுந்தன. இரைச்சலைவிட அவரை வியக்க வைத்தது, அந்தக் குப்பை எழுத்துகளை வாங்கிய யூனிக்ஸ் நிரல்கள் பட்டென்று செத்துப்போனதுதான். 1988இல் இதையே மாணவர்களுக்கு வகுப்புப் பயிற்சியாகக் கொடுத்தார். கண்டபடி எழுத்துகளைக் கொட்டும் ஒரு நிரலை எழுத வேண்டும். அது கொட்டுவதை யூனிக்ஸ் கருவிகளுக்கு ஊட்டி, எது கிராஷ் ஆகிறது, எது ஹேங் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இன்று ஃபஸ் சோதனை எனப்படும் முறை இப்படித்தான் பிறந்தது. 1990இல் வெளியான முடிவின்படி, சோதித்த கருவிகளில் காற்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்துவிட்டன.

1995இல் மில்லர் குழு சோதனையை மறுபடி நடத்தியது. வணிக நிறுவனங்களின் யூனிக்ஸ்களில் விழுந்தவை 15 முதல் 43 சதவீதம், லினக்ஸில் 9, குனு கருவிகளில் 6. முந்தைய சோதனையின் கருவிகளும் பிழைப் பட்டியலும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தன. அப்படியிருந்தும் 1990இல் சுட்டிக்காட்டிய பிழைகள் பல, வணிகப் பதிப்புகளில் 5 ஆண்டுகள் கழித்தும் வைத்தது வைத்தபடி இருந்தன. திறமூல அன்பர்கள் இந்த எண்களை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். மில்லர் குழு மறுபடி சோதித்து வெளியிட்ட 2020 எண்களை அவ்வளவாக எடுத்துக்காட்டுவதில்லை. அந்த ஆண்டு லினக்ஸில் 74 கருவிகளில் 9, மேக்ஓஎஸ்ஸில் 76இல் 12, ஃப்ரீபிஎஸ்டியில் 78இல் 15 விழுந்தன. ஃப்ரீபிஎஸ்டியும் முழுத் திறமூலம்தான். ஆனால் இந்தச் சோதனையில் அது ஆப்பிளின் மேக்ஓஎஸ்ஸைவிடவும் பின்தங்கியது. உரிமம் மட்டும் நம்பகத்தன்மையைத் தந்துவிடாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிறு கருவி விழுந்தால் சர்வர் விழாது. சர்வரைச் சாய்ப்பது கர்னல்; கர்னலிலும் பெரும்பாலும் டிரைவர்கள். 2001இல் லினக்ஸ் கர்னலை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், டிரைவர்களின் பிழை விகிதம் மற்றப் பகுதிகளைப் போல் 3 முதல் 7 மடங்கு வரை இருப்பதைக் கண்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பதிவான கிராஷ்களில் 85 சதவீதம் டிரைவர்களின் கைவரிசை.

2024 ஜூலை 19 அன்று நடந்ததும் அந்த வகைதான். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு சிறு அப்டேட் கோப்பைப் படித்த கர்னல் டிரைவர், தனக்கு உரியதல்லாத நினைவகத்தைத் தொட்டது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. ரீபூட் செய்தாலும் பல கணினிகளில் அதே நீலத்திரை. அவற்றை சேஃப் மோடில் திறந்து, ஒவ்வொன்றிலும் கையால் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கைப் பூட்டிவைத்திருந்த இடங்களில் முதலில் சாவி எண்ணைத் தேட வேண்டியிருந்தது. லினக்ஸ்காரர்கள் சிரிக்க அதிக இடமில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் அதே மென்பொருளால் ரெட் ஹாட் லினக்ஸிலும் கர்னல் பேனிக் வந்திருந்தது.

கடிகாரக் கணக்கிலும் இரு தரப்புக்கும் பங்குண்டு. மில்லிவினாடியை 32 பிட்டில் எண்ணிய விண்டோஸ் 95, இடைவிடாமல் 49.7 நாள் ஓடினால் நின்றுவிடும். (அவ்வளவு நாள் யாருடைய கணினியும் ஓடாததால் பிழை தெரியவே சில ஆண்டுகள் ஆயின என்பார்கள்.) லினக்ஸ் கர்னலின் சில பதிப்புகளில் இதே போன்றதொரு கணக்கு, 208 நாள் கழிந்ததும் நிரம்பி வழிந்து கணினியைக் கவிழ்த்தது.

திறந்த மூலத்தால் உண்மையில் கிடைப்பது, பார்க்க நினைப்பவருக்குப் பார்க்கும் வழி. யாரும் பார்க்காவிட்டால் அதனால் பயனில்லை: ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2012இல் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டை 2014 வரை தெரியவில்லை. பார்த்தால் பயன் பெரிது: 2024 மார்ச்சில், எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், விடாமல் தோண்டி எக்ஸ்இசட் நிரலில் யாரோ வைத்திருந்த பின்கதவைக் கண்டுபிடித்தார். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில். மூடிய மூலத்தில் வெளியாள் ஒருவர் இப்படித் தோண்டுவது மிகக் கடினம். அங்கே பிழையைத் தெரிவித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

எனவே எந்த இயங்குதளம் என்பதைவிட, அதில் எந்தெந்த டிரைவர்கள் ஏறியிருக்கின்றன, பேட்ச் எந்த வழியில் வருகிறது, அந்தப் பதிப்புக்கு ஆதரவு எந்த ஆண்டு வரை என்பவை அட்மினுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அப்டேட்டை ஒரே இரவில் எல்லா சர்வர்களிலும் ஏற்றுவது எந்தத் தளத்திலும் தவறு. முதலில் ஒன்றிரண்டு கணினிகள், ஓரிரு நாள் லாக் கோப்புகளைக் கவனிப்பது, பிறகே மற்றவை. அடுத்த பேட்ச் வருவதற்குள் ஒரு சர்வரையாவது பேக்கப்பிலிருந்து முழுதாக மீட்டுப் பார்த்துவிடுங்கள்.